ஊக்கு, ஊஞ்சல், ஊக்கம்

எழுகடல் தெருவில் ஒரு ஃபேன்சி கடை. அண்ணன் மகளுக்குப் பள்ளியில் பேச்சுப் போட்டி, சேலை கட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். சேலைக்குக் குத்த ஊக்கு வேண்டும். கடைக்காரர் பெரிசும் சின்னதுமாகக் கலந்த ஓர் அட்டையை எடுத்துக் கொடுத்தார். வெளியே வந்ததும் அவள் கேட்டாள்: “சித்தப்பா, தலைப்பு ‘என்னை ஊக்குவித்தவர்’. இந்த ஊக்கும் அந்த ஊக்கும் ஒன்னா?”

கேள்வி சின்னதுதான். ஆனால் நம்மில் பலர் ‘ஊக்கம்’, ‘ஊக்குவிப்பு’, ‘ஊக்கமளிக்கும் பேச்சாளர்’ என்று நாள் முழுக்கச் சொன்னாலும் அந்தச் சொல்லைத் திருப்பிப் போட்டுப் பார்த்ததே இல்லை. ஊக்கு விற்பவரையும் ஊக்குவிப்பவரையும் சேர்த்து வைக்கும் சிலேடை ஒன்று எல்லா மேடையிலும் வரும். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. சிலேடை நல்ல சிலேடைதான், உறவுதான் பொய். சேலையில் குத்தும் ஊக்கு ஆங்கிலத்தின் ‘ஹூக்’. வாய்க்கு வசதியாக ‘ஹ’ உதிர்ந்து ஊக்கு ஆகிவிட்டது. ஊக்கம் அப்படி வந்ததில்லை. அது இங்கேயே இருந்த பழைய சொல்.

எவ்வளவு பழையது என்று காட்ட, அவளைக் கோயிலுக்குள் அழைத்துப் போனேன். அன்று வெள்ளிக்கிழமை. மீனாட்சியம்மன் கோயிலில் பொற்றாமரைக் குளத்துக்கு மேற்குப் பக்கம் ஊஞ்சல் மண்டபம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மனையும் சுவாமியையும் அங்கே ஊஞ்சலில் வைத்து ஆட்டுவார்கள். ஆனி மாதம் வந்தால் ஊஞ்சல் திருவிழாவே உண்டு. நாங்கள் போனபோது கூட்டம் நின்றுகொண்டிருந்தது. எட்டிப் பார்த்தால் ஊஞ்சல் ஆடுவது தெரியும், ஆட்டும் கை தெரியாது. முன்னே நிற்பவர்களின் தலைகள் மறைத்துவிடும்.

“இப்ப ஆட்டுறாங்கல்ல, அதுக்குப் பழைய தமிழ்ல என்ன பேரு தெரியுமா? ஊக்குறது” என்றேன். நம்பாமல் பார்த்தாள்.

நம்பாததில் தப்பில்லை. இன்றைக்கு ஊஞ்சலில் உட்கார்ந்த எந்தப் பிள்ளையும் ‘என்னை ஊக்கு’ என்று கத்தாது. ‘ஆட்டி விடு’, ‘தள்ளி விடு’, ‘இன்னும் வீசி விடு’ என்றுதான் கத்தும். ஆனால் சங்கப் பாட்டில் ஒரு பெண் அப்படித்தான் கேட்கிறாள். கலித்தொகையில் குறிஞ்சிக்கலிப் பாட்டு ஒன்று. பாடியவர் கபிலர் என்பது மரபு. தலைவி தன் தோழியிடம் கதை சொல்கிறாள். கையில் வில்லோடு ஒருவன், ஏதோ விலங்கின் தடம் தேடி வந்தவன் போலப் பல நாள் வந்து நின்றான். பார்ப்பான், ஒன்றும் சொல்லாமல் போய்விடுவான். இவளுக்கோ தூக்கம் போயிற்று. பெண்ணாய்ப் பிறந்தவள் தானாகப் போய்ச் சொல்ல முடியாதே. ஒரு நாள் தினைப்புனத்துக்குப் பக்கத்தில் ஊசலில் ஆடிக்கொண்டிருக்கும்போது அவன் வந்தான். அவள் கேட்டாள்: “ஐய சிறிதென்னை ஊக்கி.”

ஐயா, என்னைக் கொஞ்சம் ஆட்டி விடுங்களேன்.

“தையால் நன்று” என்றான் அவன். நல்லது பெண்ணே என்று ஊசலை ஊக்கினான். இவள் கை நழுவியது போல நடித்து, பொய்யாக அவன் மார்பில் விழுந்தாள். அவன் மெய்யென்று நம்பித் தாங்கிக்கொண்டான். மயக்கம் தெளிந்தவளாகக் காட்டிக்கொண்டால் ‘சரி, வீட்டுக்குப் போ’ என்று அனுப்பிவிடுவான் என்று பயந்து அப்படியே கிடந்தாளாம். (இந்த இடத்தை அண்ணன் மகளுக்குச் சொல்லும்போது கொஞ்சம் வேகமாகத் தாண்டினேன். அவள் தாண்டவில்லை. “செம ஆளு சித்தப்பா அந்தப் பொண்ணு” என்றாள்.)

கலித்தொகைக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர் மதுரைக்காரர். ஏட்டில் இருந்த அந்த நூலை சி. வை. தாமோதரம் பிள்ளை 1887-இல் அச்சில் கொண்டுவந்தார். ஆக, ஊக்கு என்றால் ஊசலைத் தள்ளுவது என்பதற்குச் சாட்சி இந்தப் பாட்டிலேயே கிடைக்கிறது. நம்மூர் உரைக்காரர் வழியாகவே நம் கைக்கு வந்திருக்கிறது.

அப்புறம் அது எப்படி மனசுக்குள் போயிற்று? தமிழில் இது வழக்கமாக நடப்பதுதான். கையால் செய்யும் வேலைக்கு இருந்த சொல் மெல்ல மனசுக்குக் குடிபோகும். ‘பிடி’ என்பது கையின் வேலை. ‘எனக்கு ஜிகர்தண்டா பிடிக்கும்’ என்றால் அது மனசின் வேலை. ‘பற்று’ என்பதும் கைதான், ‘மொழிப்பற்று’ என்று வந்ததும் உள்ளே போய்விட்டது. ‘உருகு’ என்பது வெண்ணெய்க்கும் சொல், பக்தருக்கும் சொல். அப்படித்தான் ஊசலைத் தள்ளும் ஊக்கும். வெளியே ஓர் உடம்பை அசைத்த சொல், உள்ளே ஒரு மனசை அசைக்கவும் வந்து சேர்ந்தது. அந்த அசைவுக்குப் பெயர் ஊக்கம்.

தெலுங்கு பேசும் குடும்பங்கள் மதுரைப் பக்கம் நிறைய. அவர்களைக் கேட்டுப் பாருங்கள். ‘ஊகு’ என்றால் ஊஞ்சல் போல ஆடுவது. ‘ஊபு’ என்றால் ஆட்டுவது, வேகமும் உற்சாகமுமாகப் போவதற்கும் அதுவே பெயர். அங்கேயும் ஆட்டமும் உற்சாகமும் ஒரே வீட்டில்தான் குடியிருக்கின்றன.

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்லியாக வேண்டும். ‘தூங்கு’ என்ற சொல்லுக்கும் பழைய பொருள் தொங்குவது, தொங்கி அசைவதுதான். தூங்கணாங்குருவி தூங்குமூஞ்சிக் குருவி இல்லை. கிணற்றோரத்து மரத்தில் கூட்டைத் தொங்கவிடும் குருவி. தொங்கி அசைவது மெதுவான வேலை. அதனால் தாமதிப்பதற்கும் ‘தூங்குதல்’ என்றார்கள். ‘தூங்குக தூங்கிச் செயற்பால’ என்று வள்ளுவர் சொன்னது மெத்தையில் படுக்கச் சொல்லியல்ல, நிதானமாகச் செய்ய வேண்டியதை நிதானமாகச் செய் என்பதற்கு. பிறகு அது கண்மூடும் தூக்கமாகவும் ஆயிற்று. ஆக, தொங்கி அசைவதைச் சொன்ன சொல் தூக்கத்துக்குப் போயிற்று, அசைத்து விடுவதைச் சொன்ன சொல் ஊக்கத்துக்குப் போயிற்று. பேச்சில் சேர்த்துக்கொள்ள இது போதும் என்று அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

இனி இலக்கணம் கொஞ்சம். பயப்பட வேண்டாம், ஒரே ஒரு எழுத்து. பழைய நூல்களில் ‘ஊக்கினான்’ என்றால் பெரும்பாலும் அவனே முயன்றான் என்று பொருள். இன்னொருவரை முயலச் செய்தால் ‘வி’ சேர வேண்டும். செய், செய்வி. ஊக்கு, ஊக்குவி. இந்த ‘வி’ பிறவினை விகுதி. அதாவது வேலை நடப்பது அடுத்தவரிடத்தில், காரணம் இவர். ‘ஊக்குவிப்பவர்’ என்ற சொல்லுக்குள்ளேயே இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள். முயல்கிறவர் ஒருவர், முயலவைக்கிறவர் ஒருவர். முயல்கிறவர் இல்லாவிட்டால் ‘வி’க்கு வேலையே இல்லை. இன்னொன்று, இந்தச் சொல்லை நடுவில் இடைவெளி விட்டு எழுதக்கூடாது. ‘ஊக்கு விப்பவர்’ என்று பிரித்து, அதில் ஒரு ‘ற்’ தவறி விழுந்தால் எழுகடல் தெருக் கடைக்காரரிடம் போய் நிற்போம். ஒரு விழா அழைப்பிதழில் இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

திருக்குறளில் ஊக்கம் எங்கே என்று கேட்டால் எல்லோரும் அறுபதாவது அதிகாரத்தைக் காட்டுவார்கள், ஊக்கமுடைமை. ‘உடையர் எனப்படுவது ஊக்கம்’ என்று தொடங்கும். சொத்து என்று சொன்னால் அது ஊக்கம்தான், மற்றதை வைத்திருப்பவன் உடையவனா என்று கேட்பார். அதில் எனக்குப் பிடித்தது 594: அசையாத ஊக்கம் உடையவன் இருக்கிற இடத்துக்குச் செல்வம் தானே வழி கேட்டுக்கொண்டு போகுமாம். நம் ஊரில் புதிதாக வந்தவர் மாசி வீதியில் நின்று ‘அண்ணே, ஆவணி மூல வீதிக்கு எப்படிப் போகணும்’ என்று கேட்பாரே, அப்படிச் செல்வம் கேட்டுக்கொண்டு வரும். ‘வெள்ளத் தனைய மலர்நீட்டம்’ என்ற பிரபலமான குறளும் இதே அதிகாரத்தில்தான். அதில் வரும் ‘உள்ள’த்துக்கும் உரைகாரர்கள் ஊக்கம் என்றே பொருள் சொல்கிறார்கள்.

ஆனால் எனக்குச் சுவையாகப் படுவது வேறு. ‘ஊக்கு’ என்று வினையாக வரும் இடங்களில் வள்ளுவர் கையைப் பிடித்து நிறுத்துகிறார். ‘உடைத்தம் வலியறியார் ஊக்கத்தின் ஊக்கி இடைக்கண் முரிந்தார் பலர்’ என்பது 473. தன் பலம் எவ்வளவு என்று தெரியாமல், ஆர்வ வேகத்தில் இறங்கிப் பாதியில் ஒடிந்தவர்கள் பலர். மூன்று குறள் தள்ளி 476: ‘நுனிக்கொம்பர் ஏறினார் அஃதிறந் தூக்கின் உயிர்க்கிறுதி ஆகி விடும்.’ இதில் ‘தூக்கின்’ என்று படித்துவிட்டு எதைத் தூக்குவது என்று குழம்புகிறவர்கள் உண்டு. பிரித்தால் ‘இறந்து ஊக்கின்’. கிளையின் நுனிவரை ஏறிவிட்டாய், அதையும் தாண்டி ஊக்கினால் உயிர் போய்விடும். அதற்கும் முந்தைய அதிகாரத்தில் 463: வரப்போகும் லாபத்தை நினைத்துக் கையில் இருக்கும் முதலையும் இழக்கும் காரியத்தில் அறிவுடையவர்கள் ‘ஊக்கார்’. கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, இசை போட்டு, ‘நீங்களும் கோடீஸ்வரர் ஆகலாம்’ என்று கத்தும் கூட்டங்களின் வாசலில் இந்தக் குறளை எழுதி மாட்டலாம். மாட்ட விடமாட்டார்கள்.

பொற்றாமரைக் குளத்தின் தெற்குச் சுவரில் குறள்களைக் கல்லில் வெட்டிப் பதித்திருக்கிறார்கள். அன்று அங்கே நின்று 486-ஐப் படித்துக் காட்டினேன். ‘ஊக்க முடையான் ஒடுக்கம் பொருதகர் தாக்கற்குப் பேருந் தகைத்து.’ தகர் என்றால் ஆட்டுக்கிடா. கிடா முட்டு பார்த்த மதுரைக்காரருக்கு இதற்கு உரையே வேண்டாம். முட்டப்போகும் கிடா முன்னால் வராது, முதலில் பின்னால் போகும். பத்துப் பதினைந்து அடி பின்வாங்கி, தலையைத் தாழ்த்தி, அப்புறம்தான் பாயும். ஊக்கம் உள்ளவன் சும்மா இருப்பதும் அப்படித்தான் என்கிறார். ஊஞ்சலையும் நினைத்துப் பாருங்கள். நல்ல வீச்சு வேண்டும் என்றால் பலகையை முதலில் பின்னுக்கு இழுத்துத்தானே விடுகிறோம்?

ஊஞ்சலை ஆட்டிய அனுபவம் எல்லோருக்கும் இருக்கும். சோழவந்தான் பக்கம் என் மாமா வீட்டுத் தோட்டத்தில் வேப்பமரக் கிளையில் கட்டிய ஊஞ்சல் ஒன்று இருந்தது. கயிறு எப்படியும் இரண்டரை மீட்டர் இருக்கும். அந்த நீளத்துக்கு ஊஞ்சல் ஒருமுறை போய்த் திரும்ப ஏறக்குறைய 3 விநாடி பிடிக்கும். இது இயற்பியல் கணக்கு. உட்கார்ந்திருப்பது குண்டுப் பையனா ஒல்லிப் பெண்ணா என்பதால் இந்த நேரம் பெரிதாக மாறாது, கயிற்றின் நீளம்தான் தீர்மானிக்கும். பின்னால் நிற்பவன் அந்த 3 விநாடிக்குக் கட்டுப்பட்டுத் தள்ள வேண்டும். ஊஞ்சல் நம்மை நோக்கி வரும்போதே தள்ளினால் வேகம் சாகும், கையும் வலிக்கும். வந்து நின்று திரும்பும் அந்த நொடியில் இரண்டு விரலால் தொட்டாலும் போதும், அடுத்த முறை இன்னும் உயரப் போகும். பாடப்புத்தகத்தில் இதற்கு ஒத்ததிர்வு என்று பெயர். கபிலரின் தலைவி ‘சிறிது’ என்று கேட்டது அவளுடைய தந்திரம்தான். ஆனால் ஊஞ்சலுக்குத் தேவையும் சிறிதுதான்.

வேதியியல் பாடத்தில் இதே சொல்லை எடுத்து ‘வினையூக்கி’ என்று வைத்தவருக்கு ஒரு கும்பிடு. வினையூக்கி என்ன செய்கிறது? நடக்கக்கூடிய வினையைச் சீக்கிரம் நடக்க வைக்கிறது. வினையின் நடுவே கலந்துகொண்டாலும் கடைசியில் தான் தானாகவே மிஞ்சுகிறது. நடக்கவே முடியாத வினையை அது நடத்திக் காட்டாது. ஊக்குவிப்பவர் யார் என்று யாராவது கேட்டால் நான் இந்த மூன்றையும்தான் சொல்வேன்.

மற்ற கூட்டுச்சொற்கள் அவ்வளவு அழகாக அமையவில்லை. ஊக்கத்தொகை, ஊக்க ஊதியம் எல்லாம் அலுவலகத் தமிழ். ஊக்கமருந்து என்றால் விளையாட்டு வீரர்களைத் தடை செய்யும் மருந்து. உரக்கடையில் வளர்ச்சி ஊக்கி விற்கிறார்கள்.

பக்கத்துச் சொற்களையும் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிட்டால் ஊக்கம் எங்கே உட்காருகிறது என்பது தெளிவாகும். ‘உற்சாகம்’ சமஸ்கிருதத்திலிருந்து வந்தது. அது ஒரு மனநிலை, காலையில் வந்து மாலையில் போகலாம். ‘தூண்டு’ விளக்குத் திரியோடு சேர்ந்த சொல். மங்கும் திரியை மேலே தள்ளிவிடுவதும் தூண்டுதல்தான், நல்ல சொல்தான். ஆனால் ‘தூண்டிவிட்டான்’ என்றாலே காவல் நிலைய வாசனை அடிக்கிறது. குற்றத்துக்குத் தூண்டியதாக வழக்குப் போடுவார்கள், யாரும் குற்றத்துக்கு ஊக்குவித்ததாகப் பெரும்பாலும் போடுவதில்லை. ‘உசுப்பேத்துறது’ பற்றி மதுரைக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. உசுப்பேற்றுகிறவன் ஊஞ்சலில் உட்கார்ந்தவன் விழுந்தால் சிரிப்பவன். ‘முன்னோடி’ முன்னால் ஓடுகிறவர், அவர் நம்மைத் திரும்பிப் பார்க்கவேண்டும் என்றுகூட இல்லை. ஊக்குவிப்பவர் இருப்பது முதுகுக்குப் பின்னால். ஆங்கிலத்தின் ‘மோட்டிவேஷன்’ லத்தீன் மொழியில் அசைத்தலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அதனால் ஊக்கத்துக்கு அது நெருங்கிய சொந்தம். ‘இன்ஸ்பிரேஷன்’ மூச்சை உள்ளே ஊதுவது, அது வேறு குடும்பம்.

காந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி, மேலமாசி வீதியில் தங்கியிருந்த வீட்டில்தான் அவர் மேலாடையைத் துறந்து அரையாடைக்கு மாறினார். முழு உடைக்கு வழியில்லாத ஏழைகளைப் பார்த்து எடுத்த முடிவு. அந்த ஏழைகள் அவரை ஊக்குவித்தார்கள் என்று எழுதினால் எனக்குக் காதில் இடறுகிறது. அவர்கள் அவரைத் தள்ளவில்லை. அவர்கள் அவரைப் பாதித்தார்கள். இந்த வித்தியாசத்தைத் தமிழ் கேட்கிறது.

சரி, மதுரையில் ஊக்குவித்தவர் என்றால் யார்? அவள் கேட்டபோது எனக்கு முதலில் வந்த பெயர் பாண்டித்துரைத் தேவர். 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவர். வ. உ. சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனிக்குத் தலைவராக நின்று பணமும் பெயரும் கொடுத்தவர். இதெல்லாம் பாடத்தில் வரும். நான் அவளுக்குச் சொன்னது சிங்காரவேலு முதலியார் கதை. சென்னையில் பச்சையப்பன் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவர். புராணம், இலக்கியம், ஊர், பேர், மரம், மருந்து என்று எல்லாவற்றுக்கும் அகரவரிசையில் ஒரு பெரிய நூல் தனி ஆளாகத் தொகுத்தார். அச்சிடக் காசில்லை. உதவி கேட்டு அறிவிப்புக் கொடுத்தும் போதிய ஆதரவு இல்லை. செய்தி பாண்டித்துரைத் தேவருக்குப் போயிற்று. அச்சிட ஏற்பாடு செய்தார். அதுதான் ‘அபிதான சிந்தாமணி’, 1910-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பதிப்பாக வந்தது. அடுத்த ஆண்டு தேவர் காலமானார். இன்றும் அந்த நூலைப் புரட்டுகிறவர்கள் சிங்காரவேலு முதலியாரைத்தான் நினைப்பார்கள். அதுதான் சரியும்கூட, ஊஞ்சலில் ஆடியவர் அவர்தானே.

அண்ணன் மகள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். பேச்சில் தேவரையும் சேர்த்தாள், கிடாவையும் சேர்த்தாள். கலித்தொகைப் பெண்ணை மட்டும் “மிஸ் திட்டுவாங்க” என்று விட்டுவிட்டாள். முதல் மூன்று இடத்தில் அவள் பெயர் வரவில்லை. மேடைக்குக் கூப்பிட்டு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் சேலையில் குத்தியிருந்த ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி அட்டையில் மாட்டிக்கொண்டே சான்றிதழை என் பக்கம் தள்ளினாள். அதில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது: ஊக்கப் பரிசு.